ஓடுகிற சர்வரைத்தான் மாற்ற வேண்டும்

"ஓடுறதை ஏன் தொடணும்?" சிறு நிறுவனங்களில் சர்வரை மாற்றலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி இது. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவே; பேச்சு அதோடு முடிந்துவிடும். கணக்குப் பிரிவின் மேஜைக்கடியிலோ ஸ்டோர் ரூம் மூலையிலோ, யு.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி நின்றுகொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள்; மற்ற நாட்களில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. டாலி கணக்கு, வாடிக்கையாளர் அனுப்பிய டிராயிங், வருகைப் பதிவு, பல வருடத்துக் கடிதப் போக்குவரத்து எல்லாம் அதற்குள் இருக்கும். அதை அமைத்துக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி போன் செய்தால் வருகிறவராக இருப்பார். நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே எழுதப்படாத கொள்கை. இந்தக் கொள்கை தலைகீழானது என்பது என் வாதம். சர்வரை மாற்றுவதற்கு ஆக மோசமான நாள், அது நின்றுபோன நாள். மாற்றத் தகுந்த காலம், அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் காலம். ஏனென்றால், அந்த நிறுவனத்தின் கணினி வேலைகள் எப்படி நடக்கின்றன என்பதற்கு ஓடுகிற பழைய சர்வரைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை.

மாற்றுவதா வேண்டாமா என்பது உண்மையில் நம் விருப்பத்தில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. யார், எந்தப் பதிவை, எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தை நிறுத்திவைக்க முடியாத மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு எழுத வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, ஆரம்ப இருப்பை மட்டும் புதிய கணினியில் ஏற்றிவிட்டுப் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பும் வழி கம்பெனிகளுக்கு அடைபட்டுவிட்டது. இந்தப் பக்கம் சட்டம் எட்டு வருடம் கேட்கிறது. அந்தப் பக்கம் சர்வருக்கு வாரண்டி கிடைப்பது சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வருடம். லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை இயக்கும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ் வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு டிஸ்க் செத்துப்போகிறது. அது குளிரூட்டப்பட்ட, தூசி இல்லாத, மின்சாரம் ஆடாத கூடத்தில் எடுத்த கணக்கு. மேஜைக்கடியில் இருக்கும் டிஸ்க்கின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. தரவின் சட்டபூர்வமான ஆயுள் இயந்திரத்தின் ஆயுளைவிட நீளம். எனவே ஒவ்வொரு நிறுவனமும் சர்வரை மாற்றத்தான் போகிறது. அந்த நாளை முதலாளி குறிப்பாரா, டிஸ்க் குறிக்குமா என்பது மட்டுமே பாக்கி.

இந்த விஷயத்தில் நல்ல பாடம் மைக்ரோசாஃப்ட் 1997இல் தொடங்கிய 'ஸ்மால் பிசினஸ் சர்வர்' என்ற தயாரிப்பின் வரலாற்றில் இருக்கிறது. தனி ஐ.டி. துறை வைத்துக்கொள்ள முடியாத நிறுவனங்களுக்காக, பெரிய கம்பெனிகள் நாலைந்து சர்வர்களில் பிரித்து வைத்திருந்த வேலைகளை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தார்கள். ஊழியர்களின் பெயரும் பாஸ்வேர்டும், மின்னஞ்சல், பொது ஃபோல்டர், பிரிண்டர், ஃபேக்ஸ், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி எல்லாம் அதில் அடக்கம். 2003, 2008, 2011 பதிப்புகளில் அதிகபட்சம் 75 பேர் வரை பயன்படுத்தலாம். விலை குறைவு, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு டொமைனில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் கணினிகளின் தொகுப்பில், இப்படிப்பட்ட சர்வர் ஒன்றுதான் இருக்கலாம், டொமைனின் ஐந்து தலைமைப் பொறுப்புகளும் அதனிடமே இருக்க வேண்டும். மீறினால் அது தானாகவே அணைந்துபோகும். இவ்வளவு கறாரான நிறுவனம் ஒரே ஓர் இடத்தில் விதியைத் தளர்த்தியது. பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போது மட்டும் இரண்டும் ஒரே வலைப்பின்னலில் சேர்ந்து ஓடலாம். 2008, 2011 பதிப்புகளில் அதற்கு 21 நாள் அவகாசம். உரிமக் கட்டணத்தை விட்டுக்கொடுக்காத கம்பெனிகூடப் பழையது உயிரோடு பக்கத்தில் நின்றால்தான் புதியது சரியாக அமையும் என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன். 2012 ஜூலையில் இந்தத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்ற பழக்கம் மட்டும் நின்றபாடில்லை.

பழைய சர்வருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் என்னென்ன? கோப்புகளை நகல் எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கோப்புகள் ஆகச் சுலபமான பகுதி. எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியல், சம்பளப் பட்டியல் ஃபோல்டரை மனிதவளப் பிரிவைத் தவிர மற்றவர் கண்ணில் படாமல் வைத்திருந்த ஏற்பாடு, இரவு 11 மணிக்குத் தானாக ஓடி ஏதோ ஒரு அறிக்கையை உருவாக்கும் சின்ன நிரல் ஆகியவை எந்தப் பென் டிரைவிலும் தானாக வந்து ஏறுவதில்லை. ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அலுவலகக் கணினிகள் எல்லாம் இணையதளப் பெயர்களின் முகவரியைப் பழைய சர்வரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. புதியதை வைத்துவிட்டுப் பழையதை அணைத்தவுடன், கேபிளிலும் மோடத்திலும் ஒரு கோளாறும் இல்லாதபோதே, "நெட் வரலை" என்று நாலு மேஜையிலிருந்து குரல் வரும். அதைச் சரிசெய்தால் அடுத்தது மாடியில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்த தாளைச் சர்வர் ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி அதில் இருக்கும். பழைய மெஷின்கள் பல அதற்கு எஸ்.எம்.பி.1 என்ற பழைய நெறிமுறையை மட்டுமே அறிந்தவை; விண்டோஸ் சர்வர் 2019 முதல் அது இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பில் ஸ்கேன் ஆகவில்லை என்று கணக்குப் பிரிவு கத்தும்போது, வந்திருக்கும் டெக்னீஷியன் அவசரத்தில் அந்தப் பழைய நெறிமுறையைத் திரும்பத் திறந்துவிடுவார். 2017இல் உலகைக் கலக்கிய வான்னகிரை வைரஸ் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். பழையதும் புதியதும் இரண்டு வாரம் சேர்ந்து ஓடியிருந்தால், இந்த மெஷின் யாரிடம் பேசுகிறது என்பது அமைதியான ஒரு மத்தியானத்தில் தெரிந்திருக்கும். மாற்று வழியும் நிதானமாகக் கிடைத்திருக்கும்.

இதைவிட முக்கியமான இன்னொரு வகைச் செய்தி இருக்கிறது: சாவிகள் யாரிடம் என்பது. டாலி உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டுமானால், முறைப்படி முதலில் பழைய கணினியில் அதை சரண்டர் செய்ய வேண்டும். பிறகு புதியதில் செயல்படுத்தும்போது திறவு எண் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சல் யாருடையது? எட்டு வருடத்துக்கு முன் விற்றுக் கொடுத்த டீலருடையதா, வேலையை விட்டுப் போன கணக்காளருடையதா? நிறுவனத்தின் இணையப் பெயரைப் பதிவு செய்த கணக்கு யார் பெயரில்? சர்வரை டொமைனை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலராக மாற்றும்போது, விபத்து நேர்ந்தால் மீட்பதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அதை அன்றைக்கு அடித்தவர் எங்காவது எழுதி வைத்தாரா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே ஒரு நிறுவனம் பத்து வருடம் நிம்மதியாக இயங்க முடியும். சர்வர் ஓடும் வரை விடை தேவைப்படாது. நின்ற நிமிடத்தில் எல்லா விடையும் ஒரே நேரத்தில் தேவைப்படும். ஓடும்போது கேட்டால், தெரியாத பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், தவறான மின்னஞ்சலைத் திருத்திக்கொள்ளலாம், பழைய ஊழியரின் நுழைவுரிமையை நீக்கலாம். நின்றபின் செய்ய முடிவது கெஞ்சுவது ஒன்றுதான்.

காலம் தாழ்த்தினால் செலவு அப்படியே இருக்கும் என்று நினைப்பதும் பிழை, அது கூடுகிறது. காரணம், மென்பொருள் தயாரிப்பாளர்கள் அடுத்தடுத்த ஒன்றிரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே பாலம் போடுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சின் 2003 பதிப்பில் இருந்த மின்னஞ்சலை 2013க்கு நேராகக் கொண்டுபோக முடியாது; நடுவில் 2007 அல்லது 2010 பதிப்பை நிறுவி, அங்கே இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். 2003 காலத்தில் பிறந்த டொமைன், தன் சர்வர்களுக்கிடையே கொள்கைக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பழைய முறையைப் பயன்படுத்தியது. விண்டோஸ் சர்வர் 2019 அந்த முறையை ஏற்பதில்லை. முதலில் முறையை மாற்றி, பிறகுதான் புதிய சர்வரைச் சேர்க்கலாம். சர்வர் 2025ஐ டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்க வேண்டுமானால் டொமைன் குறைந்தது 2016ஆம் ஆண்டின் தரத்துக்கு ஏற்கெனவே உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பதிப்புக்கு ஒருமுறை மாற்றியவருக்கு ஒரு வார இறுதியில் முடிகிற வேலை, பதினைந்து வருடம் சும்மா இருந்தவருக்கு மூன்று கட்ட வேலையாகிறது. நடுவில் தேவைப்படும் பழைய பதிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைக் கையாளத் தெரிந்தவரையும் தேட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது படித்து வருகிற பிள்ளைகள் 2003 சர்வரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. இதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வான்னகிரை பரவியது 2017 மே 12இல். அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே மார்ச் 14இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. ஆனால் 2015 ஜூலையில் ஆதரவு முடிந்துபோன சர்வர் 2003க்கு அது அப்போது பொதுவில் தரப்படவில்லை. தாக்குதல் நடந்த பிறகே விதிவிலக்காகக் கொடுத்தார்கள். ஆதரவு முடிந்த சர்வர் மறுநாளும் அதே போலத்தான் ஓடும். விசிறிச் சத்தத்தில்கூட வித்தியாசம் தெரியாது. அதனால்தான் "ஓடுது" என்ற சொல் ஏமாற்றுகிறது. இணையத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. யாரும் எட்டிப் பார்க்காத சர்வரில் தாக்குதல் நடந்திருப்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும் என்கிற நிலையில், ஆறு மணி நேரக் கணக்குக்கு என்ன பொருள்?

மறுதரப்பின் வாதங்களில் வலுவானது ஒன்றுண்டு. மாற்றப் போய்த்தான் பல நிறுவனங்கள் கெட்டுப்போயின என்பது அது. உண்மைதான். டென்மார்க்கில் கிளவுட்நார்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தன் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரின் தரவை முழுமையாக இழந்தது. ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குச் சர்வர்களை மாற்றும்போது நடந்த விபரீதம் என்று அந்த நிறுவனமே விளக்கியது. இடம் மாறிய சில சர்வர்களில் ஏற்கெனவே கிருமி பதுங்கியிருந்திருக்கிறது. மாற்றும் வேலைக்காக எல்லாச் சர்வரையும் நிர்வகிக்கும் உள் வலைப்பின்னலோடு அவற்றை இணைத்தபோது, தாக்கியவர்கள் நிர்வாக மையத்துக்கும் அங்கிருந்து பேக்கப்புக்கும் போய்விட்டார்கள். பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஐம்பது லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் கவனமாகப் படித்தால், மாற்றியதால் கெட்டார்கள் என்ற முடிவு நிற்காது. கிளவுட்நார்டிக்கில் பேக்கப்பும் சர்வரும் ஒரே வலைப்பின்னலில் எட்டும் தூரத்தில் இருந்தன. பதுங்கியிருந்த கிருமி கண்டுபிடிக்கப்படாமலே சர்வர்கள் நகர்ந்தன. டி.எஸ்.பி.யில் இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே ஒத்திகை பார்த்திருந்தது பின்னால் நடந்த சுயேச்சையான ஆய்வில் வெளிவந்தது. இரண்டுமே அவசரத்தின் கதைகள். சர்வர் நின்ற பிறகு மாற்றுகிறவருக்கு இந்த அவசரம் கட்டாயமாக வாய்க்கிறது. ஓடும்போது மாற்றுகிறவருக்கு ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கிறது. ஆக, மறுதரப்பு காட்டும் சான்று என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

"எங்களிடம் பேக்கப் இருக்கிறது" என்பது அடுத்த பதில். இருக்கலாம். எடுத்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2017 ஜனவரி 31இல் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வைத்திருந்த ஐந்து வகை ஏற்பாட்டில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதை மறைக்காமல் வெளியே சொன்னதால் நமக்குத் தெரிகிறது. முழுநேரப் பொறியாளர்கள் இருக்கிற இடத்தின் நிலையே இது. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் ரெய்டு ஏற்பாட்டைப் பேக்கப் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒரு டிஸ்க் போனால் ரெய்டு உதவும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். இதோடு அதிகம் பேர் அறியாத ஒரு நுணுக்கமும் உண்டு. ஊழியர் பெயர்களும் அனுமதிகளும் அடங்கிய டைரக்டரியின் பேக்கப்புக்குக் காலாவதி தேதி இருக்கிறது. இயல்பான அமைப்பில் 180 நாள். அதைத் தாண்டிய பேக்கப்பை விண்டோஸ் ஏற்காது. போன தீபாவளிக்கு எடுத்துப் பீரோவில் பூட்டி வைத்த ஹார்டு டிஸ்க், அடுத்த தீபாவளிக்குக் கோப்புகளைத் தரும், டைரக்டரியைத் தராது. பேக்கப் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வேறொரு கணினியில் அதை ஏற்றி, கணக்காளரை உட்காரவைத்து, இரண்டிலும் டிரையல் பேலன்ஸ் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. இதைச் செய்து முடித்தாலே சர்வர் மாற்றத்தின் பாதி ஒத்திகை முடிந்துவிடுகிறது.

"எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?" இதில் பாதியை நான் மறுக்கவில்லை. முப்பது பேர் இருக்கும் நிறுவனம் தன் மின்னஞ்சலைத் தானே ஓட்ட வேண்டிய அவசியம் இன்று இல்லை; எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆனால் கிளவுடுக்குப் போவதும் ஒரு மாற்றமே. பழைய சர்வரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றும் குறையாது. போய்ச் சேர்ந்த பின்னும் பொறுப்பு கைமாறிவிடுவதில்லை. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று எரிந்து சாம்பலானபோது, வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட் அமைப்பே கூகுள் தரப்பில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அது மீண்டதில், வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்புக்குப் பங்குண்டு. மாத வாடகைக்குக் கிடைப்பது இயந்திரமும் மின்சாரமும் ஆளும். நம் தரவைப் பற்றிய கவலையை வாடகைக்கு எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

பணம் என்று வரும்போது சிறு தொழில்முனைவோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேமெண்ட் தொண்ணூறு நாள் தள்ளி வருகிற தொழிலில், ஓடுகிற இயந்திரத்துக்கு மாற்று வாங்கு என்று சொல்வது அடுத்தவர் பையில் கைவைக்கிற பேச்சாகத் தோன்றும். ஆனால் நான் உடனே வாங்கச் சொல்வது புதிய சர்வரை இல்லை, ஒத்திகையை. அதற்குச் செலவு அதிகமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அணைக்காமலேயே அதன் டிஸ்க்கை அப்படியே மெய்நிகர் வடிவத்தில் நகல் எடுக்கும் டிஸ்க்2விஎச்டி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாள் காசில்லாமல் ஓடும். கொஞ்சம் நினைவகம் கூடுதலாக உள்ள ஒரு சாதாரண கணினி, ஒரு சனிக்கிழமை, விஷயம் தெரிந்த ஓர் ஆள் போதும். ஒரு எச்சரிக்கை: அந்த நகலை அலுவலக வலைப்பின்னலோடு இணைக்காமல் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரே டொமைன் கன்ட்ரோலர் இரண்டு இடத்தில் எழுந்து நின்றால் குழப்பம் வேறு மாதிரி ஆகிவிடும். விண்டோஸ் உரிமத்துக்கே காசில்லை என்றால் லினக்ஸில் ஓடும் சாம்பா இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு முதல் அதுவே டொமைன் கன்ட்ரோலராக வேலை செய்யும். அதைப் பராமரிக்க ஆள் கிடைப்பதுதான் நம் சிறு நகரங்களில் கடினம். அந்த இடத்தில் விண்டோஸே மலிவாகிவிடுகிறது.

உண்மையில் மாற வேண்டியது ஏ.எம்.சி. ஒப்பந்தம். இன்றைக்கு அந்தத் தாளில் இருப்பது, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வருடத்துக்கு எத்தனை முறை தூசி தட்டுவார் என்பதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை ஏற்றிக் காட்ட வேண்டும், எல்லா நிர்வாகப் பாஸ்வேர்டும் உரிம மின்னஞ்சலும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், அவற்றின் பட்டியல் மூடி முத்திரையிட்ட உறையில் முதலாளியின் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்று வரியைச் சேர்த்தால், பராமரிப்பவரின் வேலையே வேறாகிவிடும். இதற்குப் பராமரிப்பவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பாஸ்வேர்டு கையில் இருக்கும் வரைதான் ஒப்பந்தம் கையில் இருக்கும் என்ற கணக்கு அவர்களுக்கு உண்டு. அந்தக் கணக்கை உடைக்கும் தைரியமும் சர்வர் ஓடும்போது மட்டுமே முதலாளிக்கு இருக்கும். தனித்தனியாக ஒவ்வொருவரும் போராட வேண்டியதில்லை. கொடிசியா, டான்ஸ்டியா போன்ற தொழில் அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்காக ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்துத் தரலாம். கண்காட்சி நடத்துவதைவிட அதற்குச் செலவு குறைவு.

மாற்றத்துக்கு நாள் குறிப்பதிலும் நம் தொழிலின் நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. தாக்கல், மாதக் கடைசி சம்பளம், மார்ச்சும் செப்டம்பரும் தொடவே கூடாத மாதங்கள். மாற்றி முடித்த பிறகும் பழைய சர்வரை உடனே துடைத்துவிடக் கூடாது. அதன் தலைமைப் பொறுப்புகளைப் புதியதற்கு மாற்றிவிட்டு, சில நாள் அணைத்துப் பார்த்து, யாரும் தேடவில்லை என்றால் முறைப்படி டொமைனிலிருந்து விலக்கி, ஒரு காலாண்டுக் கணக்கு முடியும் வரையாவது வைத்திருந்து, அதன் பிறகே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த 2017 ஜூலையில் சந்தையில் இருந்த ஆகப் புதிய விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பு. அந்தச் சமயத்தில் வாங்கிய சர்வர்களில் இப்போதும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. அவற்றுக்கான ஆதரவு 2027 ஜனவரி 12இல், பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போதே முடிகிறது. பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தேதி கடந்துவிடும். அதற்கு முன்னால் ஊழியர்கள் ஊருக்குப் போய், மெஷின்கள் சேர்ந்தாற்போல் சில நாள் நிற்கும் விடுமுறை 2026 நவம்பரில் வரும் தீபாவளி மட்டுமே. ஒத்திகைக்கு இரண்டு மாதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பழைய சர்வரின் முன்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார வேண்டிய மாதம் செப்டம்பர். ஆனால் அது ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் மாதம், எனவே ஆகஸ்ட்.